36 என்பது உன் மார்பின் அளவு இல்லை, தங்கச்சி

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 23 வயதுத் தங்கை ஒருத்தி கேட்டிருப்பது இதுதான். தை மாதம் கல்யாணம். ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தபோது மார்புச் சுற்று 36 என்று டெய்லர் சொல்ல, அதே எண்ணைக் கடையில் சொல்லி 36 பி வாங்கிவிட்டாள். முதுகுப் பட்டை மேலே ஏறுகிறது, தோள் பட்டை நழுவுகிறது, இழுத்து இறுக்கினால் தோளில் பள்ளம் விழுகிறது, கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் கப்புக்கு அடியில் பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. இதோடு இன்னொரு கவலை: இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் பெரிது. அம்மாவிடம் சொன்னால் "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்கிறார்கள். எனக்கு ஏதாவது குறையா அக்கா, அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று கேட்கிறாள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தோடு மற்றதைப் படித்தால் மண்டையில் ஏறாது. உனக்குக் குறை எதுவும் இல்லை. மயிலாடுதுறையில் 19 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன், அதற்கு முன்னால் 6 வருடம் ஒரு துணிக்கடையில் பெண்கள் உள்ளாடைப் பிரிவில் நின்றேன். இத்தனை வருடத்தில் இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்கிற பெண்ணை நான் பார்த்தது அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதல், அதிலும் இடது பக்கம் பெரிதாக இருப்பவர்கள்தான் அதிகம். சுவாமிமலையில் தென்னை ஓலையை மடித்து மடித்து, தாளம் என்று சிற்பிகள் சொல்கிற அளவுக் கணக்கில் பிரித்து அம்மன் சிலை வார்க்கிறார்கள் இல்லையா, அந்தச் சிலையில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், இருந்தாக வேண்டும். நம் உடம்பு ஓலை மடித்து வார்த்தது இல்லை. கால் ஒன்று அரை நூல் நீளம், ஒரு புருவம் கொஞ்சம் ஏற்றம், அப்படித்தான் இதுவும்.

என் அண்ணி அரசு மருத்துவமனையில் நர்ஸ். உடம்பு சம்பந்தப்பட்டதில் பாதி அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். மார்பகத்துக்குள் தசை கிடையாது என்பதை அவர்கள் சொல்லித்தான் நான் நம்பினேன். உள்ளே இருப்பது கொழுப்பு, பால் சுரப்பிகள், பால் வரும் குழாய்கள், இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய நார்கள். அந்த நார்களுக்கு ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரையே வைத்திருக்கிறார்கள், 1840-லேயே அவர் அவற்றை விவரித்து எழுதியிருக்கிறார். தசை இருப்பது மார்பகத்துக்கு அடியில், விலா எலும்பின் மேல். அதனால்தான் தண்டால் எடுத்தால் அடியில் இருக்கிற தசை பலப்படுமே தவிர மார்பகம் வளராது, எண்ணெய் தேய்த்தால் தோல் மினுமினுக்குமே தவிர அளவு மாறாது. பெரிதாக்குகிறேன், சிறிதாக்குகிறேன் என்று விற்கிற களிம்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

சிறியதோ பெரியதோ, அது பெரும்பாலும் அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்ததும் உடம்பில் இருக்கிற கொழுப்பின் கணக்கும்தான். பெண் குழந்தைக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் மொட்டு விடும், பல பேருக்கு ஒரு பக்கம்தான் முதலில் வரும். என் கடைக்கு வருகிற தாய்மார்களில் சிலர் பத்து வயதுப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு "ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி இருக்கு" என்று கண்கலங்கிச் சொல்வார்கள். அது வளர்ச்சியின் ஆரம்பம், சில மாதத்தில் அடுத்த பக்கமும் வரும். கட்டி என்று நினைத்து அமுக்கிப் பார்ப்பதோ, ஒத்தடம் கொடுப்பதோ வேண்டாம். 8 வயதுக்கு முன்னாலேயே வந்தாலும் 13 முடிந்தும் ஒன்றுமே தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டலாம். வளர்ச்சி முழுதாக அமைய நாலைந்து வருடம் ஆகும், அதுவரை இரண்டு பக்கமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டுதான் இருக்கும். அதன்பிறகும் மாதா மாதம் தீட்டுக்கு முந்தின வாரத்தில் நீர் கோத்துக் கனக்கும், வலிக்கும், சில பேருக்குப் பிரா இறுகும் அளவுக்கு. எடை கூடினாலும் குறைந்தாலும் மாறும். கர்ப்பத்தில் மாறும், பால் கொடுக்கும்போது வேளைக்கு வேளை மாறும், மாதவிடாய் நின்றபிறகு சுரப்பி சுருங்கிக் கொழுப்பு கூடி இன்னொரு வடிவத்துக்கு வரும். ஆக "என் சைஸ் 34" என்று பதினெட்டு வயதில் ஒருமுறை சொல்லி வைத்துக்கொண்டு ஐம்பது வயது வரை அதையே வாங்குவது, எட்டாம் வகுப்புச் செருப்பையே ஆயுசுக்கும் போடுவது மாதிரி.

சரி, இப்போது எண்ணுக்கு வருகிறேன். பெரும்பாலான பேர் தடுக்கி விழுகிற இடம் இது.

பிராவில் அச்சடித்திருக்கும் எண் மார்பகத்தின் அளவைச் சொல்லவில்லை. மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றிக் கட்டுகிற பட்டையின் அளவு அது. எழுத்துதான் மார்பகத்துக்கானது. அந்த எழுத்தும் தனியாக நின்றால் அர்த்தம் இல்லை, எண்ணோடு சேர்ந்தால்தான் அர்த்தம். நம் ஊர் குழப்பத்துக்குக் காரணம் ஜாக்கெட். ஜாக்கெட்டில் 36 என்றால் மார்பின் முழுச் சுற்றளவு, டெய்லர் அதை மட்டும்தான் சொல்வார். நீ அந்த 36-ஐத் தூக்கிக்கொண்டு போய் பிரா கடையில் கொடுத்தாய், அவர்களும் கேள்வி கேட்காமல் 36 எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு 36-ம் வேறு வேறு.

பிரா என்று இப்போது நாம் சொல்வதற்கு அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் 1914-ல் காப்புரிமை வாங்கினார். ஏ, பி, சி, டி என்று எழுத்து வைத்தது 1930-களில்தான். நம்மிடம் கச்சு அதற்கு எவ்வளவோ முன்னாலேயே இருந்திருக்கிறது, பெருமாள் கோவில் உற்சவ மூர்த்திகளில் ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு இருக்கும், பூதேவிக்கு இருக்காது, சிற்பிகள் அதை வைத்தே யார் எவர் என்று சொல்வார்கள். கச்சுக்கு எண் கிடையாது, கட்டுகிறவள் உடம்புக்கு இறுக்கிக் கட்டிக்கொள்வாள். தொழிற்சாலையில் தைக்க ஆரம்பித்ததும்தான் எண்ணும் எழுத்தும் வேண்டியிருந்தது.

அளவெடுக்கும் முறையை நான் என் திரைக்குப் பின்னால் செய்கிறபடியே சொல்கிறேன். துணி இஞ்ச் டேப் பழசாக இருந்தால் இழுத்து இழுத்து நீண்டிருக்கும், முதலில் ஒரு ஸ்கேலை வைத்துச் சரிபார்த்துக்கொள். தீட்டு முடிந்து நாலைந்து நாள் கழித்து எடு, முந்தின வாரம் எடுத்தால் எண் பொய் சொல்லும். மெல்லிய பிராவோடு, பஞ்சு வைத்தது இல்லாமல், கண்ணாடி முன்னால் நில். முதல் அளவு மார்பகத்துக்கு நேர் கீழே. டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். முதுகுப் பக்கம்தான் எல்லோருக்கும் டேப் தொங்கிவிடும், அதனால் தங்கையையோ அம்மாவையோ பின்னால் பார்க்கச் சொல். மூச்சை வெளியே விட்டபிறகு, தோலை அழுத்தாமல் ஆனால் ஒட்டினாற்போல் இறுக்கிப் படி. இரண்டாவது அளவு மார்பின் நிறைவான இடத்தில், காம்புக்கு நேராக, இறுக்காமல். கொஞ்சம் கனமாக, தாழ்ந்து இருப்பவர்கள் இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து இன்னொரு முறை எடுத்து, நின்று எடுத்த அளவுக்கும் குனிந்து எடுத்ததற்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

கீழ் அளவை சென்டிமீட்டரில் பார்த்தால் குழப்பம் குறையும். இப்போது பெரும்பாலான கம்பெனிகளின் அட்டையில் இருக்கிற பட்டியல்படி 68-லிருந்து 72 வரை என்றால் 32, 73-லிருந்து 77 வரை 34, 78-லிருந்து 82 வரை 36, 83-லிருந்து 87 வரை 38. கவனித்தாயா, 75 சென்டிமீட்டர் என்பது 29 இஞ்சுக்குச் சற்று மேலே, ஆனால் அட்டையில் 34 என்று இருக்கிறது. அதாவது கீழ்ச் சுற்றை இஞ்சில் எடுத்து நாலோ ஐந்தோ கூட்டி இரட்டைப்படை எண்ணாக்கினால் அட்டை எண் வரும். ஏன் கூட்டுகிறார்கள் என்று யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள், பழைய காலத்து வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. அடுத்து எழுத்து. மார்பின் நிறைவான அளவிலிருந்து இந்த அட்டை எண்ணைக் கழி. 1 இஞ்ச் வித்தியாசம் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 சி, 4 டி. அவ்வளவுதான் கணக்கு. சில கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே வைக்கும், அதனால் வாங்குகிற கம்பெனியின் அட்டையை ஒருமுறை பார்த்துவிடு.

போன வருடம் திருவாரூர் பக்கமிருந்து ஒரு கல்லூரிப் பெண் தோழியின் நிச்சயதார்த்தத்துக்கு ஜாக்கெட் தைக்க வந்தாள், உன் கதையேதான். கையைத் தூக்கச் சொன்னேன், முதுகுப் பட்டை தோள்பட்டை எலும்பு வரை ஏறி வில் மாதிரி வளைந்து நின்றது, முன்னால் கப் கவிழ்ந்து அடியில் சதை எட்டிப் பார்த்தது. போட்டிருந்தது 36 பி. டேப் போட்டால் கீழே 28 இஞ்ச், அதாவது 71 சென்டிமீட்டர். மேலே 36 இஞ்ச். பட்டியலில் 71 என்றால் 32. 36-ல் 32 போனால் 4, ஆக அவளுக்கு வேண்டியது 32 டி. சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. "டி-யா அக்கா? அது ரொம்பப் பெரியவங்களுக்கு இல்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அவளை உட்காரவைத்து நான் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். டி என்றால் பெரிது என்று அர்த்தம் இல்லை. பட்டை எண்ணுக்கும் மார்புக்கும் நாலு இஞ்ச் வித்தியாசம் என்று அர்த்தம். 32 டி-யும் 40 டி-யும் பக்கத்தில் வைத்தால் ஒரே எழுத்து, கிண்ணம் இரண்டு மடங்கு மாதிரி தெரியும். 32 டி, 34 சி, 36 பி மூன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தால் கிண்ணத்தின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான். அவள் போட்டிருந்த 36 பி-யின் கப் தப்பில்லை, பட்டைதான் தப்பு. 78 சென்டிமீட்டர் உடம்புக்குச் செய்த பட்டையை 71 சென்டிமீட்டர் உடம்பில் மாட்டியிருந்தாள், நாலு விரல்கடை அளவுக்கு உபரி. பட்டை பிடிக்காவிட்டால் கனம் முழுக்கத் தோளுக்குப் போகும், தோளை இறுக்கினால் பட்டை முதுகில் இன்னும் மேலே ஏறும், அதனால் கப் கவிழும், கவிழ்ந்தால் அடியில் பிதுங்கும். நீ நாலு தொல்லை என்று எழுதியிருக்கிறாய், நாலுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன், டேப் போட்டால் தெரிந்துவிடும்.

பிரா கனத்தைத் தாங்குவது தோளால் இல்லை, கீழ்ப்பட்டையால். அது உன் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானே புரியும். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது ரொம்ப லூஸான கொக்கியில் போட்டால்கூட இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், எலாஸ்டிக் இளக இளக உள் கொக்கிக்குப் போகலாம், அதற்காகத்தான் இரண்டு மூன்று வரிசை வைத்திருக்கிறார்கள். பலர் புதிதிலேயே உள் கொக்கியில் போட்டுப் பார்த்து "சரியா இருக்கு" என்று வாங்கிவிட்டு இரண்டு மாதத்தில் தூக்கிப் போடுகிறார்கள். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூச்சு முட்டக்கூடாது. பக்கவாட்டில் கண்ணாடியில் பார், முன்பக்கமும் முதுகும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். போட்டபிறகு சற்று குனிந்து, அக்குள் பக்கமிருந்து உள்ளங்கையால் அள்ளிக் கப்புக்குள் வை. இதைச் செய்யாமல் பார்த்தால் கப் பெரிது என்று தோன்றும், செய்தபிறகுதான் உண்மையான அளவு தெரியும். மேல் விளிம்பில் பிதுங்கினால் கப் பத்தவில்லை, துணி சுருங்கி நின்றால் கப் அதிகம். கம்பி வைத்தது என்றால் கம்பி சதை மேல் ஏறாமல் அடியில் எலும்போடு படிய வேண்டும், நடுவில் இருக்கிற பாகம் நெஞ்செலும்பைத் தொட வேண்டும்.

உன் இடது பக்கம் பெரிது என்றாயே, அதற்கும் வழி சுலபம். எப்போதும் பெரிய பக்கத்துக்குப் பொருந்துகிற கப்பை வாங்கு. சிறிய பக்கத்தில் தோள் பட்டையைக் கொஞ்சம் இறுக்கிக்கொள், இரண்டு பட்டையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தால் எடுத்துப் போடுகிற பஞ்சு உள்ள பிரா வாங்கி, பெரிய பக்கத்துப் பஞ்சை எடுத்துவிட்டு சிறிய பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள். சின்னக் கப்பில் பெரிய பக்கத்தை அமுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு, வெட்கத்தில் செய்கிறார்கள், அப்புறம் காலையிலிருந்து மாலை வரை வலி.

கடையில் 32 டி கேட்டால் கிடைக்குமா? உண்மையைச் சொன்னால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் 32-லிருந்து 38 வரை பி வைத்திருப்பார்கள், சி கொஞ்சம் இருக்கும், டி வேண்டுமென்றால் 38, 40-ல்தான் எடுப்பார்கள். குறைந்த விலை பருத்திப் பாடிகளில் எழுத்தே இருக்காது, எண் மட்டும்தான். நான் வேலை பார்த்த கடையில் ஆண்கள்தான் எடுத்துக் கொடுப்பார்கள், பெண்கள் மற்றவர் காதில் விழாமல் எண்ணைச் சொல்லிவிட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து மனசு வலித்தது, ஒரு செருப்பு வாங்க அரைமணி நேரம் போட்டுப் பார்க்கிற பெண் தினமும் பதினாலு மணி நேரம் போடப்போகிற பிராவுக்கு அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ள முடியவில்லையே என்று. அந்தக் கடை முதலாளியிடம் ஒரு ஓரத்தில் திரை கட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன், நடக்கவில்லை. என் கடையில் முதலில் கட்டியது அந்தத் திரையைத்தான். உனக்கும் 32 டி என்றே கணக்கு வந்து, அது கிடைக்கவில்லை என்றால் பக்கத்து அளவு 34 சி எடு, உள் கொக்கியில் போடு, 36-ஐவிட எவ்வளவோ மேல். பட்டையில் ஒரு எண் ஏறினால் எழுத்தில் ஒன்று இறங்க வேண்டும், பட்டையில் இறங்கினால் எழுத்தில் ஏற வேண்டும், இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தர முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்கு, உள்ளாடைக்குப் பல இடங்களில் முடியாது.

கல்யாண ஜாக்கெட்டுக்கு ஒரு முக்கியமான விஷயம். முதலில் சரியான பிரா, அப்புறம்தான் ஜாக்கெட் அளவு. பிரா மாறினால் டாட், அதாவது மார்பின் வடிவத்துக்காக மடித்துப் பிடிக்கிற தையல், விழுகிற இடம் ஒரு இஞ்ச் வரை மேலே ஏறும். பழைய லூஸ் பிராவோடு எடுத்த அளவில் பட்டு ஜாக்கெட் தைத்துவிட்டு, முகூர்த்தத்துக்குப் புது பிரா போட்டால் டாட் முனை கீழே தொங்கி நிற்கும், தோளில் சுருக்கம் விழும், டெய்லரைத் திட்டுவார்கள். அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதே, அந்தப் பிராவைப் போட்டுக்கொண்டு நேரில் போ. இரண்டு பக்கமும் அளவு வேறு என்றால் டெய்லர் அக்காவிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடு, ஒரு பக்க டாட்டைக் கால் இஞ்ச் குறைத்துப் பிடித்தால் போதும், வெளியில் ஒன்றுமே தெரியாது. நாங்கள் சொல்லாமலேயே பல பேருக்கு அப்படித்தான் தைக்கிறோம்.

நம் பக்கத்து ஈரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியே காயாது, அதில் உள்ளாடையை யார் கண்ணிலும் படக்கூடாது என்று குளியலறைக் கதவுக்குப் பின்னாலோ துண்டுக்கு அடியிலோ போடுகிறோம். அரை ஈரத்தோடு மறுநாள் போட்டால் மார்புக்கு அடியில் இருக்கிற மடிப்பில் சிவந்து, அரித்து, தோல் வெந்த மாதிரி ஆகும். நடவு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அதிகம், காலில் சேற்றுப்புண் வருவது எப்படியோ அப்படித்தான், ஈரம் நிற்கிற மடிப்பு எதுவானாலும் பூஞ்சை பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு அம்மா, நடவுக்குப் போகிறவர், எத்தனையோ மாதம் யாரிடமும் சொல்லாமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார், புண்ணில் ஈரம் இன்னும் கூடியதுதான் மிச்சம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த பூஞ்சைக் களிம்பில் இரண்டு வாரத்தில் ஆறியது. ஆகவே பருத்தித் துணி, குறைந்தது மூன்று செட், வேலை முடிந்து வந்ததும் வியர்த்ததை மாற்றுவது, குளித்தபின் மடிப்பைத் துண்டால் ஒற்றி உலர்த்துவது. கொடியில் வெளியிலேயே காயப் போடு. பிழிந்து முறுக்காதே, எலாஸ்டிக் போய்விடும், வெந்நீரும் வேண்டாம். பெருக்குகிற துடைப்பத்தைக்கூட வெயிலில் வைக்கிறோம், உடம்போடு ஒட்டுகிற துணியை மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

கேட்காமலேயே சிலவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு பிரா போட்டால், கம்பி வைத்தது போட்டால், ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கினால் புற்றுநோய் வரும் என்பது பொய். அமெரிக்காவில் சியாட்டிலில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில் எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி இருந்ததா, எந்த வயதில் ஆரம்பித்தார்கள் என்று எல்லாம் கேட்டும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ராத்திரி போடுவதும் போடாததும் உன் சௌகரியம். பிரா போடாவிட்டால் தொங்கிவிடும் என்பதையும் பால் கொடுத்தால் தொங்கிவிடும் என்பதையும் நம்பாதே. வயது, எத்தனை முறை கர்ப்பம், எடை ஏறி இறங்கியது, புகை, இவைதான் காரணம். சின்ன மார்பு என்றால் பால் பத்தாது என்பது நம் கிழவிகள் எத்தனையோ மருமகள்களை அழவைத்த பேச்சு. அளவைத் தீர்மானிப்பது கொழுப்பு, பால் கொடுப்பது சுரப்பி. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். கர்ப்பம் ஆனதும் கம்பியில்லாத, பருத்தி, கொக்கி அதிகம் உள்ளதாக மாற்றிக்கொள், ஏழு எட்டாம் மாதத்தில் மறுபடி அளவெடு, பால் கட்டும்போது இறுக்கமானது போட்டால் வீங்கிக் காய்ச்சல்கூட வரலாம். சில பேருக்குக் கர்ப்பத்தில் அக்குளில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம் வரும், அங்கேயும் மார்பகத் திசு இருப்பதால் அப்படி, பெரும்பாலும் கெடுதல் இல்லை, ஆனால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

எது இயற்கை, எதற்குப் போக வேண்டும் என்பதில்தான் கவனம் வேண்டும். சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கம் பெரிது என்றால் அது உன் அமைப்பு. பிறந்ததிலிருந்து காம்பு உள்வாங்கியிருந்தாலும் அப்படியே. ஆனால் இதுவரை ஒன்றுபோல இருந்தது திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மாறினால், கட்டி தட்டுப்பட்டால், தோல் குழி விழுந்தாலோ ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி ஆனாலோ, வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்தால், ரத்தம் கலந்து ஏதாவது வடிந்தால், அக்குளில் கட்டி தெரிந்தால், வலி இல்லையே என்று விட்டுவிடாமல் அந்த வாரமே போக வேண்டும். வலி இல்லாத கட்டியைத்தான் நம் பெண்கள் வருடக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். இந்தியப் பெண்களிடம் அதிகமாக வருகிற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான், சீக்கிரம் பார்த்தால் குணப்படுத்த முடிகிறது. 30 வயது ஆனவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள், உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போ. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். வீட்டில் மாதம் ஒருமுறை, தீட்டு முடிந்த சில நாளில், கண்ணாடி முன்னால் நின்று உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து வை, மாறினால் தெரிய வேண்டும் என்பதற்காக.

உன் வருங்காலக் கணவரைப் பற்றி நீ கேட்டது எனக்கு மனசில் தங்கிவிட்டது. கல்யாணம் ஆனாலும் இரண்டு பக்கமும் சமமாகாது, அம்மா ஆறுதலுக்குச் சொன்னது அது. சமமாக வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பார்த்துக் கேட்டால் "எனக்கு இப்படித்தான், எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சாதாரணமாகச் சொல். வித்தியாசம் ரொம்பவே அதிகமாக, கப் அளவில் இரண்டு மூன்று எழுத்து அளவுக்கு இருந்து, உனக்கே மனவருத்தமாக இருந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் கேட்கலாம், ஆனால் நீ எழுதியதைப் பார்த்தால் அந்த அளவுக்கு இல்லை.

தீட்டு முடிந்து நாலைந்து நாள் ஆனதும் டேப்பை எடு. கீழ் அளவு எத்தனை சென்டிமீட்டர், மேல் அளவு எத்தனை இஞ்ச், இப்போதைய பிராவில் எந்தக் கொக்கியில் போடுகிறாய், இந்த மூன்றையும் எழுது. எந்த எண், எந்த எழுத்து என்று பார்த்துச் சொல்கிறேன். ஜாக்கெட் துணியை அதுவரை வெட்டக் கொடுக்காதே.